எல்லாருக்கும் கொடுத்த பதக்கம்

கடற்படையில் பணியாற்றி மறைந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு திறந்த மடல்

ஒரு குறிப்பிட்ட போரில், குறிப்பிட்ட எல்லைக்குள், குறிப்பிட்ட காலத்தில் கடமையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அரசு வழங்குவது போர்ப் பணிப் பதக்கம். வீரச் செயலுக்காகத் தனியொருவரைத் தேர்ந்து அளிக்கும் விருது வேறு வகை. பரம் வீர் சக்ராவும் மகா வீர் சக்ராவும் வீர் சக்ராவும் ஒருவர் என்ன செய்தார் என்பதைச் சொல்பவை. பணிப் பதக்கம் அவர் எங்கே இருந்தார் என்பதை மட்டும் சொல்கிறது. தளபதிக்கும் சமையல்காரருக்கும் அதில் ஒரே உலோகம், ஒரே அளவு, ஒரே நாடா.

இந்தச் சமத்துவமே பல வீடுகளில் அதன் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. "அது எல்லாருக்கும் கொடுத்ததுதானே" என்ற ஒரு வாக்கியத்தோடு அது டிரங்குப் பெட்டிக்குள் போகிறது. அடுத்த தலைமுறை வீட்டை ஒழிக்கும்போது பித்தளைச் சாமான்களோடு சேர்ந்து எடைக்குப் போகிறது, அல்லது பழம்பொருள் வியாபாரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர் தெரியாத துண்டாகக் கிடக்கிறது. இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்துக்கான மறுமொழி. பணிப் பதக்கம் என்ன சாட்சி சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பதக்கங்களால் நன்கு அறியப்பட்ட ஓர் அதிகாரியின் வாழ்க்கையைத் தொடர்ந்து போவது நல்ல வழி. அவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1919 ஜூன் 8 அன்று நாகர்கோவிலில் பிறந்தார். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அவர் பள்ளியில் படித்த ஆண்டுகளில் இந்தியக் கடற்படை என்று சொல்லத்தக்கதாக இருந்தது மிகச் சிறிய அமைப்பு. 'ராயல் இந்தியன் நேவி' என்ற பெயரே 1934 அக்டோபரில்தான் அதற்கு வந்தது. கையளவு கப்பல்கள், அதிகாரிகளில் பெரும்பாலோர் ஆங்கிலேயர். வணிகக் கப்பல்களுக்கு இந்திய இளைஞர்களைப் பழக்க 1927-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட 'டஃபரின்' பயிற்சிக் கப்பல்தான் இந்தியர்களுக்குக் கடல் வாழ்க்கையின் வாசலைத் திறந்தது. பின்னாளில் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ராம்தாஸ் கடாரி, செங்கல்பட்டில் பிறந்தவர், அந்தக் கப்பலின் முதல் அணியில் பயின்றவர்தான். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் கிருஷ்ணன். 1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டபோது அவருக்கு இருபது வயது.

அவருடைய முதல் பெரிய விருது வீர விருதுதான். 1941 ஆகஸ்ட் 25 விடியற்காலையில் பிரிட்டிஷ் படைகளும் சோவியத் படைகளும் ஒரே நேரத்தில் ஈரானுக்குள் நுழைந்தன. ஈரானின் எண்ணெய் வயல்களும், அதன் வழியாக ரஷ்யாவுக்குச் சரக்கு அனுப்பும் பாதையும் ஜெர்மனியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பாரசீக வளைகுடாவில் அன்று நடந்தது சிறிய, வேகமான சண்டை. பந்தர் ஷாபூர் துறைமுகத்தில் ஒதுங்கியிருந்த ஜெர்மன், இத்தாலிய வணிகக் கப்பல்களை, மாலுமிகளே தீவைத்து மூழ்கடிக்கும் முன் கைப்பற்ற வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் 'கனிம்ப்ளா'வோடு இந்தியாவின் 'லாரன்ஸ்' கப்பலும் அதில் பங்கேற்றது. கோரம்ஷாரில் ஈரானியப் போர்க்கப்பல் ஒன்று நின்ற இடத்திலேயே மூழ்கடிக்கப்பட்டது. வளைகுடாவில் காட்டிய துணிவுக்காகக் கிருஷ்ணனுக்கு 'டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ்' கிடைத்தது. 1901-இல் வேறு பெயரில் தொடங்கி 1914-இல் இந்தப் பெயரைப் பெற்ற வெள்ளிச் சிலுவை அது. நீலம், வெள்ளை, நீலம் என்று சம அகலத்தில் மூன்று கோடுகள் கொண்ட நாடாவில் தொங்குவது.

பதக்கங்களைப் படிக்கக் கற்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரான் நடவடிக்கையில் வீர விருதுகள் உண்டு. ஆனால் அந்தப் போர்முனைக்கென்று தனிப் பணிப் பதக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டன் முதலில் எட்டு வெண்கல நட்சத்திரங்களை உருவாக்கியது: 1939-45 ஸ்டார், அட்லாண்டிக், ஏர் க்ரூ ஐரோப்பா, ஆப்பிரிக்கா, பசிபிக், பர்மா, இத்தாலி, பிரான்ஸ்-ஜெர்மனி. இந்தப் பட்டியலில் ஈரானும் இல்லை, ஈராக்கும் இல்லை. வளைகுடாவில் மாதக்கணக்கில் கொதிக்கும் இரும்புத் தளத்தில் நின்ற ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு, அவர்கள் அங்கே இருந்தார்கள் என்று பெயர் சொல்லும் நட்சத்திரம் கிடைக்கவில்லை. இந்த விடுபடல் அநியாயமானது. ஒரு பணிப் பதக்கம் இல்லாமல் போவது எத்தனை பேரின் நினைவை அழிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. வீர விருது பெற்ற கிருஷ்ணனின் பெயர் புத்தகங்களில் நிற்கிறது. அதே கடலில் கொதிகலனுக்கு முன் நின்ற ஸ்டோக்கரின் பெயரை நிறுத்திவைக்கச் சிறு உலோகத் துண்டுகூட இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய இந்தியர்களின் வீடுகளில் பொதுவாகக் காணப்படுபவை மூன்று. ஆறு முனைகள் கொண்ட 1939-45 ஸ்டார் முதலாவது. அதன் நாடாவில் கருநீலம் கடற்படையையும், சிவப்பு தரைப்படையையும், வெளிர்நீலம் விமானப்படையையும் குறிக்கும். மூன்றும் சம அகலம். கடற்படையினர் அதைப் பெறப் போர்க்கடலில் 180 நாள் இருந்திருக்க வேண்டும். சாவோ காயமோ அந்தப் பணியை இடையில் முடித்திருந்தால் நாள் கணக்கு பார்க்கப்படவில்லை. இரண்டாவது, போர்க்காலத்தில் முழுநேரப் படைப்பணியில் இருந்தவர்களுக்கான 'வார் மெடல்'. மூன்றாவது 'இந்தியா சர்வீஸ் மெடல்'. இது இந்தியப் படைகளுக்கு மட்டுமே உரியது. மூன்றாண்டுப் பணிக்குக் கொடுக்கப்பட்டது. பின்புறத்தில் இந்தியாவின் வரைபடம் இருக்கும். பர்மாக் கரையில் பணியாற்றியிருந்தால் பர்மா ஸ்டாரும் சேரும்.

பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தப் போரின் நட்சத்திரங்கள் பெயர் பொறிக்காமலே அனுப்பப்பட்டன. இந்தியர்களுக்கு அனுப்பியவற்றில் எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டன. வட்டப் பதக்கமானால் விளிம்பில், நட்சத்திரமானால் பின்புறத்தில். ஆகவே லண்டன் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் 1939-45 ஸ்டார் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. இராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ ஒரு வீட்டில் கிடைப்பதைத் திருப்பிப் பார்த்தால் அது யாருடையது என்பது தெரிந்துவிடும். பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் போதும்.

1946 பிப்ரவரியில் பம்பாயில் 'தல்வார்' தளத்தில் தொடங்கிய மாலுமிகளின் எழுச்சியை இங்கே விட்டுவிட முடியாது. கெட்டுப்போன சாப்பாட்டில் தொடங்கி விடுதலை முழக்கத்தில் வந்து நின்ற அந்த எழுச்சியில் சுமார் 20,000 மாலுமிகள் கலந்துகொண்டனர். அதற்காக வேலையிழந்து வீடு திரும்பியவர்கள் பலர். பின்னாளில் சுதந்திர இந்தியா அவர்களை விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்டவர் வாழ்ந்த வீட்டில் பதக்க வரிசை பாதியில் நின்றிருந்தால், அந்த இடைவெளியும் ஒரு வரலாறுதான். அதை வெட்கமாகக் கருதி மறைக்க வேண்டிய காலம் முடிந்துபோயிற்று.

விடுதலை நாளன்று படைப்பணியில் இருந்தவர்களுக்கு 'இந்தியன் இண்டிபெண்டென்ஸ் மெடல்' வழங்கப்பட்டது. நாடாவில் காவி, வெள்ளை, பச்சை. ஒரு பக்கம் அசோகரின் சிங்கத் தலைகள். மறுபக்கம் சக்கரத்துக்கு மேல் மன்னரின் கிரீடமும் ஆறாம் ஜார்ஜின் பெயரும். 1947 ஆகஸ்டுக்கும் 1950 ஜனவரிக்கும் இடையே இந்தியா குடியரசாகவில்லை, ஆனால் அடிமை நாடாகவும் இல்லை. அந்த இரண்டரை ஆண்டு நிலையை இத்தனை சுருக்கமாகக் காட்டும் பொருள் வேறொன்று கிடைப்பது அரிது.

குடியரசான பின் முதலில் வந்த பணிப் பதக்கம், 1950-இல் உருவாக்கப்பட்ட 'ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947'. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தனிப் பதக்கம் வார்க்காமல், ஒரே பதக்கத்தின் நாடாவில் நடவடிக்கையின் பெயர் எழுதிய சிறு உலோகப் பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போகும் முறை அதில் பின்பற்றப்பட்டது. ஜம்மு காஷ்மீர், கொரியா, நாகா மலைகள், கோவா 1961, லடாக் 1962, நேஃபா 1962 என்று பட்டைகள் வந்தன. பட்டையைப் படிக்காமல் பதக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பட்டை இல்லாமல் நாடா மட்டும் மாற்றித் தைக்கப்பட்டிருந்தால், ஒரு போர் முழுவதும் தொலைந்துபோனதற்குச் சமம்.

கோவா பட்டையின் பின்னணி இது. 1961 டிசம்பர் 18 அன்று போர்ச்சுகலின் வசமிருந்த கோவா, டாமன், டியூ மூன்றிலும் இந்தியப் படைகள் நுழைந்தன. அப்போது கேப்டன் பதவியிலிருந்த கிருஷ்ணனின் கையில் 'டெல்லி' என்ற குரூஸர் இருந்தது. அந்தக் கப்பலுக்கே ஒரு பெரிய முன்கதை உண்டு. 'அக்கிலீஸ்' என்ற பெயரில் 1939-இல் தென் அமெரிக்கக் கரையோரம் ஜெர்மனியின் 'கிராஃப் ஸ்பீ'யை எதிர்த்துப் போரிட்ட கப்பல் அது. 1948-இல் இந்தியாவுக்கு வந்தது. டியூ தீவில் 1535 முதல் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டிக் குடியிருந்தனர். டிசம்பர் 18 விடிவதற்குள் 'டெல்லி' அந்தக் கரையோரம் வந்து நின்றது. தரைப்படை சதுப்பு நிலத்தைக் கடக்கத் திணறிக்கொண்டிருந்தபோது கடலிலிருந்து அதன் பீரங்கிகள் கோட்டையை நோக்கி முழங்கின. டியூ சரணடைந்தது.

அதே நாள் கோவாவுக்குத் தெற்கே அஞ்சிதீவில் நடந்தது வேறு கதை. 'திரிசூல்' கப்பலிலிருந்து படகில் இறங்கிய கடற்படையினர்மீது, எதிர்ப்பு இருக்காது என்று நினைத்த தீவிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. ஏழு பேர் இறந்தனர். டியூ கடலில் குரூஸரை நடத்திய கேப்டனுக்கும், அஞ்சிதீவு மணலில் விழுந்த மாலுமிக்கும், இரண்டு கப்பல்களிலும் அன்று காலை ரொட்டி சுட்ட சமையல்காரருக்கும் பட்டையில் எழுதப்பட்டிருப்பது ஒரே சொல், ஒரே ஆண்டு. பணிப் பதக்கம் அவர்களிடையே வேறுபாடு பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் சரி. போர்க்கப்பலில் முன்வரிசை, பின்வரிசை என்று தனியாக இல்லை. டார்ப்பிடோ தாக்கினால் மேல்தளத்தில் நிற்கும் அதிகாரிக்கு முன்பே கீழ்த்தளத்தில் இருக்கும் எந்திர அறைக்காரர்தான் போவார்.

1971 மார்ச் மாதம் கிருஷ்ணன் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அம்மாதம் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் படைகள் மக்களைச் சுட ஆரம்பித்தன. அடுத்த சில மாதங்களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்தனர். கடற்படை அந்த ஆண்டு இரண்டு வேலைகளைச் செய்தது. ஒன்று மறைவாக நடந்தது. பாகீரதி ஆற்றங்கரையில் பிளாசிக்கு அருகே ஒரு முகாமில் வங்க இளைஞர்களுக்கு நீருக்கடியில் நீந்திப் போய்க் கப்பலின் அடிப்பகுதியில் காந்தக் கண்ணிவெடி பொருத்தும் பயிற்சி கொடுக்கப்பட்டது. அவர்கள் ஆகஸ்ட் நடுவில் ஒரே இரவில் சிட்டகாங், சால்னா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைமுகங்களில் கப்பல்களைத் தாக்கினார்கள்.

மற்றது விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்'தைப் போருக்குத் தயார் செய்தது. அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாத கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்பதில் கடற்படைக்குள்ளேயே தயக்கம் இருந்தது. கிழக்குக் கடலில் வைத்து ஓட்டலாம் என்ற முடிவே வென்றது. அந்த முடிவு சரியானது என்பதை டிசம்பர் காட்டியது. ஆனால் அதைச் சாத்தியமாக்கியவர்கள், பழுதான கொதிகலனைச் சுற்றி மற்ற மூன்றையும் இரவு பகலாகக் காய்ச்சிக்கொண்டிருந்த எந்திரப் பிரிவினர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் போர் வரலாற்றுப் புத்தகங்களில் இல்லை.

பாகிஸ்தானிடம் நெடுந்தொலைவு வரக்கூடிய நீர்மூழ்கி ஒன்றே ஒன்று இருந்தது. அமெரிக்காவிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற 'காஸி'. நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்ட அதன் இலக்கு 'விக்ராந்த்'. இதை ஊகித்த கிருஷ்ணன் விமானந்தாங்கியை அந்தமானில் ஓர் ஒதுக்கமான நங்கூர இடத்துக்கு அனுப்பிவிட்டு, அது இன்னும் விசாகப்பட்டினத்துக்கு அருகில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்க ஏற்பாடு செய்தார். ஓய்வு பெறும் வயதிலிருந்த 'ராஜ்புத்' என்ற நாசகாரிக் கப்பல், கடலில் நின்றுகொண்டு பெரிய கப்பலைப் போல் வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேசியது. ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவில் அரிசியும் இறைச்சியும் காய்கறியும் வேண்டுமென்று ஆர்டர்கள் போயின. 'விக்ராந்த்' மாலுமி ஒருவர் உடல்நலம் குன்றிய தாயைப் பற்றி விசாரிப்பது போன்ற தந்தி ஒன்று, இரகசியக் குறியீடு இல்லாமல், வேண்டுமென்றே அனுப்பப்பட்டது. 1980-இல் வெளிவந்த 'நோ வே பட் சரண்டர்' என்ற தம் நூலில் கிருஷ்ணனே இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி 'ராஜ்புத்' துறைமுக வாயிலைக் கடக்கும்போது நீரில் ஒரு கலக்கம் தெரிந்தது. அதன் தலைவர் இந்தர் சிங் ஆழ்நீர் வெடிகளைப் போட்டுவிட்டுச் சென்றார். சில நிமிடங்களில் கரையிலிருந்த வீடுகளின் கண்ணாடிகளை அதிரவைத்த வெடிச்சத்தம் கேட்டது. 'காஸி' தன் மாலுமிகள் அனைவரோடும் கடலடியில் கிடந்தது. அதை மூழ்கடித்தது 'ராஜ்புத்' என்பது இந்தியாவின் கூற்று. அது போட வந்த கண்ணிவெடியே வெடித்தது அல்லது உள்ளே விபத்து நேர்ந்தது என்பது பாகிஸ்தானின் கூற்று. எது உண்மையாயினும் அதற்குள் இருந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகளும் ஒரு நாட்டுக்குப் பணியாற்றியவர்களே என்பதை இந்தியக் கடற்படை வீரர்களின் குடும்பங்கள் மறக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 4 காலை முதல் 'விக்ராந்த்'தின் சீ ஹாக், அலிஸே விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்குக் கடற்படைக் கப்பல்கள் வங்கக் கரை முழுவதும் முற்றுகையிட்டன. கடல் வழியாகத் தப்பவும் முடியாது, உதவி வரவும் முடியாது என்ற நிலைதான் டாக்காவில் பாகிஸ்தான் படையின் மனவுறுதியைக் குலைத்தவற்றில் முக்கியமானது. எல்லாம் நன்றாகவே நடந்தன என்று சொல்வதும் நேர்மையாகாது. டிசம்பர் 10 அன்று குல்னா அருகே ஆற்றில் 'பன்வேல்' கப்பலோடு சென்றுகொண்டிருந்த, வங்க விடுதலைப் படையான முக்தி வாகினியின் 'பத்மா', 'பலாஷ்' படகுகளை எதிரியின் படகுகள் என்று நினைத்து இந்திய விமானங்களே குண்டு போட்டு மூழ்கடித்தன. 'பலாஷ்' எந்திர அறையில் இருந்த ரூஹுல் அமீன் இறந்தார். வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருது அவருக்கு அளிக்கப்பட்டது. காக்ஸ் பஜார் அருகே டிசம்பர் நடுவில் படையைக் கரையிறக்கும் முயற்சியும் திட்டமிட்டபடி அமையவில்லை.

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடையும் புகைப்படம் உலகம் அறிந்தது. மேசையில் இந்தியத் தளபதி அரோராவும் நியாஸியும். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களில் கிருஷ்ணனும் ஒருவர். 1972-இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. சிறப்புமிக்க பணிக்கான பரம் விசிஷ்ட சேவா பதக்கமும் அவருக்கு உண்டு. அவர் 1982-இல் மறைந்தார்.

1971 போருக்கான பணிப் பதக்கங்கள் இரண்டு நட்சத்திரங்களும் ஒரு வட்டமும். கிழக்குப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டார். மேற்கில் பணியாற்றியவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். இரண்டும் ஐந்து முனை கொண்டவை. நடுவில் தேசியச் சின்னம். போர்க்காலத்தில் படைகளில் பணியாற்றியோருக்குப் பரந்த அளவில் வழங்கப்பட்டது சங்கிராம் பதக்கம். 1965 போரை நினைவூட்டும் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா பதக்கமும் இவற்றின் மூத்த உடன்பிறப்புகள். 1972-இல் விடுதலையின் 25-ஆம் ஆண்டு நினைவுப் பதக்கம் ஒன்றும் படையினர் எல்லாருக்கும் வந்தது. எனவே அறுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து எழுபதுகளின் பிற்பகுதியில் ஓய்வு பெற்ற எளிய மாலுமி ஒருவரின் நெஞ்சில்கூட ஐந்தாறு பதக்கங்கள் இருப்பது இயல்பு. அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் அவருடைய பணிக்காலம் ஓரளவு தெளிவாகவே கிடைத்துவிடும். பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனை. பஷ்சிமி இருந்தால் மேற்கு முனை. சங்கிராம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கரையிலோ தளத்திலோ பணி.

பூர்வி ஸ்டாரில்தான் இந்த மடலின் மையக் கருத்து தங்கியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் திட்டம் வகுத்த வைஸ் அட்மிரல் முதல், 'விக்ராந்த்'தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரை, அந்தக் கடலில் பணியாற்றியவர்களுக்குரியது ஒரே நட்சத்திரம். தளபதிக்குத் தங்கத்திலும் மாலுமிக்கு வெண்கலத்திலும் வார்க்கப்படவில்லை. கிருஷ்ணனின் பத்மபூஷணோ சிலுவையோ வேறு யார் வீட்டிலும் இருக்க முடியாது. அவர் பணியாற்றிய போர்முனையின் நட்சத்திரம், கொதிகலனுக்கு எண்ணெய் ஊட்டிய ஒரு தமிழ் மாலுமியின் வீட்டில், அதே உருவில், இருக்கலாம். "எல்லாருக்கும் கொடுத்தது" என்ற சொல்லின் பொருள் அதுதான். அந்தப் போர் எல்லாராலும் நடந்தது என்று அரசே கையெழுத்திட்டுக் கொடுத்த சான்று அது.

பஷ்சிமி ஸ்டார் உள்ள வீடுகளும் இதே வரிசையில் வருகின்றன. 1961-இல் 'டெல்லி' முழங்கிய அதே டியூவின் கடற்பரப்பில், 1971 டிசம்பர் 9 இரவு 'குக்ரி' கப்பல் பாகிஸ்தான் நீர்மூழ்கி 'ஹங்கோர்' விட்ட டார்ப்பிடோவால் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லாவுக்கு இறப்புக்குப் பின் மகா வீர் சக்ரா அளிக்கப்பட்டது. அவரோடு போன மாலுமிகளில் பெரும்பாலோருக்கு வீர விருது கிடையாது. அந்தக் குடும்பங்களின் கையில் இருப்பது பணிப் பதக்கமும் ஒரு தந்தியும்தான். அதை அற்பமானது என்று சொல்லும் துணிவு யாருக்கும் இருக்கக் கூடாது.

இனி, பாதுகாப்பு பற்றிச் சில. ஆயுத பூஜைக்கு முன்தினம் பித்தளை விளக்குகளோடு பதக்கங்களையும் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அன்போடு செய்யப்படுவதுதான், ஆனால் பதக்கத்துக்கு அதுவே பெரிய கேடு. புளியின் அமிலம் வெண்கலத்தின் மேற்பரப்பைத் தின்கிறது. ஆண்டுதோறும் தேய்த்தால் விளிம்பில் பொறித்த பெயர் முதலில் மங்கும், பிறகு மறையும். பெயர் அழிந்த பதக்கம் அனாதையாகிவிடுகிறது. பழுப்பேறிய நிறம் அழுக்கு அல்ல. உலோகம் தானாகப் போர்த்திக்கொண்ட பாதுகாப்பு அது. பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தால் மட்டும் உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். பாலிஷ், சாம்பல், எலுமிச்சை எதுவும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வெண்கலத்தைச் சீக்கிரம் அரிக்கும் என்பதால், பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. ரப்பர் பேண்டு, பி.வி.சி. உறை இரண்டும் ஆகாது.

நைந்த நாடாவை எடுத்தெறிந்துவிட்டுப் புது நாடா தைப்பதும் நடக்கிறது. சட்டம்போட்டு மாட்டப் புது நாடா பயன்படுத்தலாம். பழையதை உறையில் போட்டுக் கூடவே வைக்க வேண்டும். பதக்கம் பெற்றவரின் நெஞ்சில் இருந்தது அந்த நாடாதான். பட்டைகளைப் பதக்கத்திலிருந்து கழற்றவே கூடாது.

பிள்ளைகளுக்குள் பாகம் பிரிக்கும்போது பதக்கங்களையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது மிகப் பெரிய இழப்பு. ஒரு வீட்டில் சங்கிராம், இன்னொரு வீட்டில் பூர்வி ஸ்டார், மூன்றாவது வீட்டில் நீண்ட பணிப் பதக்கம் என்று போய்விட்டால், ஒரு மனிதரின் பணிக்காலத்தை மீண்டும் யாரும் சேர்த்துப் படிக்க முடியாது. தொகுதி முழுவதும் ஒருவரிடம் இருக்கட்டும். மற்றவர்கள் ஒவ்வொரு பதக்கத்தின் இரு பக்கங்களையும் விளிம்பையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பதக்கத்தோடு சேர்த்து வைக்க வேண்டியவை: பணி விடுவிப்புப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, சீருடையில் எடுத்த புகைப்படம், கப்பல் பெயர் பொறித்த தொப்பி நாடா கிடைத்தால் அதுவும். புகைப்படத்தின் பின்னால் பென்சிலால் பெயர், எண், கப்பல், ஆண்டு எழுதி வைக்க வேண்டும். பேனா மை மறுபக்கம் ஊறும். அவரோடு பணியாற்றிய யாரேனும் உயிரோடு இருந்தால் அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்வது உடனே செய்யத்தக்க வேலை. 1971-இல் இருபது வயது மாலுமியாக இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.

எதுவும் கையில் இல்லாத குடும்பங்களுக்கும் வழி உண்டு. மாலுமிகளின் பணிப் பதிவுகளை மும்பை மான்குர்டில் உள்ள கடற்படை மாலுமிகள் பதிவகம் பராமரிக்கிறது. பணி எண்ணும் பெயரும் உறவுச் சான்றும் இணைத்து எழுதிக் கேட்கலாம். எண் தெரியாவிட்டால் ஓய்வூதியப் புத்தகத்திலோ, பதக்கத்தின் விளிம்பிலோ தேடிப் பார்க்க வேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். பதிவில் அவருக்கு உரியதாகக் காட்டப்படும் பதக்கங்களையும் வீட்டில் இருப்பவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எது காணாமல் போயிற்று, எது அவருக்குக் கிடைக்காமலே போயிற்று என்பது தெரியவரும்.